வேலும் தூதும்: போரைத் தடுக்கும் படைவலி பற்றிச் சில எண்ணங்கள்

1998ஆம் ஆண்டு மே 11, 13 ஆகிய நாள்களில் இராசத்தானத்துப் பொக்ரானில் இந்தியா அணுகுண்டுச் சோதனைகளை நிகழ்த்தியது. அதே மாதம் 28, 30 ஆகிய நாள்களில் பாகிஸ்தானும் தன் சோதனைகளை நிகழ்த்தியது. அதுமுதல் நம் செய்தித்தாள்களில் ஒரு சொல் அடிக்கடி இடம்பெறலாயிற்று. 'தடுப்பாற்றல்' என்றும், 'தடுப்புத் திறன்' என்றும், 'அச்சுறுத்தித் தடுத்தல்' என்றும் அது பலவாறு எழுதப்படுகிறது. மாணவர்கள் பேச்சுப் போட்டிகளில் இச்சொல்லை எளிதாக எடுத்தாளுகின்றனர். அச்சோதனையில் முதன்மைப் பங்கு கொண்ட இராமேசுவரத்து அப்துல் கலாம் அவர்களின் பெயரோடு சேர்த்து அதைக் கூறும்போது அரங்கில் கைதட்டலும் எழுகிறது. ஆயினும் அச்சொல் குறிக்கும் கருத்து யாது, அது எவ்வாறு வேலை செய்கிறது, எங்கே தவறிப் போகிறது என்பனவற்றை நின்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

தமிழ்த்துறை மலரில் படைத்துறைச் செய்திக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். அகத்துக்கு இணையாகப் புறத்தையும் வைத்து இலக்கணம் வகுத்த மொழி நம்முடையது. போரின் தொடக்கம், முற்றுகை, மதில்காவல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு திணையும் ஒரு பூவும் கண்டவர்கள் நம் முன்னோர். ஆதலின் இப்பொருளை ஆராய நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை.

தாக்க வரும் பகைவனை எதிர்த்து நின்று போரிட்டு விரட்டுவது தற்காப்பு. அவன் தாக்க வாராதபடி, தாக்கும் எண்ணத்தையே கைவிடும்படி செய்வது தடுப்பாற்றல். முன்னது களத்தில் நிகழ்வது. பின்னது பகைவனின் மனத்தில் நிகழ்வது. இவ்வேறுபாட்டை மறந்துவிட்டால் இப்பொருளில் எதுவும் விளங்காது. எத்தனை பீரங்கிகள், எத்தனை ஏவுகணைகள் என்று எண்ணிக் கொண்டிருப்போர் பலரும் இதை மறந்தவர்களே எனலாம்.

நம் வட்டாரத்து முந்திரித் தோப்புக்காரர் தம் தோப்பைக் காக்க இரு வழிகளைக் கையாளுகிறார். ஒன்று, சுற்றிலும் முள்வேலி இடுகிறார். நுழைவது எளிதன்று, நுழைந்தாலும் பயனில்லை என்று திருடனுக்கு வேலி சொல்கிறது. மற்றொன்று, காவலுக்கு ஆள் வைக்கிறார். நுழைந்தால் அகப்படுவாய், அகப்பட்டால் உனக்குக் கேடு என்று காவலாள் இருப்பது சொல்கிறது. படைத்துறை அறிஞர்களும் தடுப்பாற்றலை இவ்வாறே இரண்டாகப் பகுக்கின்றனர். முதலாவதை 'மறுத்துத் தடுத்தல்' என்றும், இரண்டாவதை 'ஒறுத்துத் தடுத்தல்' என்றும் நாம் பெயரிட்டுக் கொள்ளலாம்.

நம் ஊர்க் கோயில் மதில்

மறுத்துத் தடுத்தலுக்குச் சான்று வேண்டுவோர் விருத்தாசலத்துக் கடைத்தெருவிலிருந்து சிறிது தூரம் நடந்தால் போதும். திருமுதுகுன்றம் என்று பழைய நூல்கள் வழங்கும் இவ்வூரில், மணிமுத்தாற்றங்கரையில் நிற்கும் விருத்தகிரீசுவரர் கோயிலின் நெடுமதிலை நாள்தோறும் காண்கிறோம். அம்மதில் வழிபாட்டுக்காக எழுந்தது. ஆயினும் பதினெட்டாம் நூற்றாண்டுக் கருநாடகப் போர்களின்போது இதுவே ஒரு கோட்டையாகப் பயன்பட்டது. கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் வழியில் இது அமைந்திருந்தமையால், 1751இல் ஆங்கிலேயர் இதைக் கைப்பற்றிக் காவல் வைத்தனர்.

அதே ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி நம் பொருளுக்கு மிகவும் பொருத்தமானது. பிற்காலத்தில் சென்னை ஆளுநராக இருந்த பிகட்டும், அப்போது இளைஞராயிருந்த இராபர்ட் கிளைவும் ஒரு படைப்பிரிவுடன் விருத்தாசலம் வரை வந்தனர்.  படைப்பிரிவை இங்கே விட்டுவிட்டுச் சில சிப்பாய்களோடு மட்டும் கடலூர் திரும்புகையில் பாளையக்காரரின் ஆட்கள் அவர்களைத் தாக்கினர். சிப்பாய்கள் சிலர் இறந்தனர். அவ்விருவரும் குதிரைகளின் வேகத்தால் தப்பினர். வழி ஒன்றே, பாளையக்காரரின் பகையும் ஒன்றே, மாறியது உடன் வந்தோரின் எண்ணிக்கை மட்டுமே. உடன் வந்த படைப்பிரிவின் மதிப்பைத் திரும்பும்போதுதான் அவர்கள் உணர்ந்திருப்பர்.

மதில்கள் எப்போதும் வென்றன என்பதும் இல்லை. 1781 ஜூன் மாதத்தில் ஐதர் அலியின் படைவீரர் காத்து நின்ற சிதம்பரம் கோயில் மதிலைத் தாக்கிய ஆங்கிலத் தளபதி அயர் கூட் தோற்றுப் பின்வாங்கினார். ஆனால் அடுத்த மாதம் முதல் நாளிலேயே பரங்கிப்பேட்டையில் வெட்டவெளிப் போரில் அவர் ஐதரை வென்றார். செஞ்சிக் கோட்டை முகலாயப் படையை 1690 முதல் 1698 வரை வெளியே நிறுத்தி வைத்தது, இறுதியில் வீழ்ந்தது. மதில் பகைவனைச் சோர்வடையச் செய்யும். வரும் எண்ணத்தையே முற்றிலும் மாற்றிவிடும் என்று கூற முடியாது. வள்ளுவர் அரணுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியதோடு அமையாமல், தூதுக்கும் தனியே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

பீங்கானைப் பற்றியும் ஒரு சொல். நம் ஊர்த் தொழிற்பேட்டையில் களிமண்ணைப் பிசைந்து சூளையில் சுட்டுப் பொம்மைகளும் மின்சாதன உறுப்புகளும் செய்கிறோம். இதே இனத்தைச் சேர்ந்த, ஆனால் பன்மடங்கு கடினமான பீங்கான் தகடுகள் இன்று குண்டு துளைக்காத மேலாடைகளிலும், பீரங்கி வண்டிகளின் கவசத்திலும் இடம்பெறுகின்றன. ஆவடியில் உருவாகும் அர்ஜுன் பீரங்கி வண்டிக்கு ஐதராபாத்து ஆய்வகம் அமைத்த 'கஞ்சன்' கவசத்தில், எஃகுத் தகடுகளுக்கிடையே இத்தகைய பீங்கான் அடுக்குகள் உள்ளன. மட்பாண்டம் எளிதில் உடையும் என்பதையே அறிந்த நமக்கு, குண்டின் முனையைச் சிதைக்கும் வலிமை அதற்கே உண்டு என்பது வியப்புக்குரியது. மதிலும் கவசமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

தொண்டைமானின் படைக்கலக் கொட்டில்

ஒறுத்துத் தடுத்தலுக்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய சான்று புறநானூற்றின் 95ஆம் பாட்டு என்பது நம் கருத்து. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் தொண்டைமானுக்கும் இடையே போர் மூளும் நிலை இருந்தது. அதியமான் ஔவையாரைத் தூது அனுப்பினான். தொண்டைமான் அவரைத் தன் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்று, பளபளக்கும் ஆயுதங்களைக் காட்டினான். ஔவையார் அவற்றை வியந்தார் போலப் பேசினார். இங்குள்ளவை நன்கு அணிசெய்யப்பட்டு, நெய் தடவப்பட்டு, கட்டுக்காவலோடு இருக்கின்றன. எம் தலைவனுடையனவோ போரில் முனை சிதைந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கின்றன என்ற பொருள்பட விடையிறுத்தார். பள்ளியில் இப்பாட்டைப் பழிப்பதுபோலப் புகழ்தலுக்கும் புகழ்வதுபோலப் பழித்தலுக்கும் எடுத்துக்காட்டாகப் படித்திருக்கிறோம். அணியிலக்கணத்தோடு நின்றுவிடாமல், அங்கே நிகழ்ந்தது என்ன என்று பார்ப்போம்.

தொண்டைமான் செய்ததும் ஒரு செய்தி அறிவிப்பே. என்னிடம் இத்தனை கருவிகள் உள; ஆதலின் என்னை அஞ்சுக என்பது அதன் கருத்து. இன்றைய நாடுகள் தேசிய நாள் அணிவகுப்பில் ஏவுகணைகளை ஊர்தியில் ஏற்றி வலம் வரச் செய்வதும் இதுவே. ஆனால் கருவி இருப்பது வேறு. அதைப் பயன்படுத்தும் உறுதி இருப்பது வேறு. ஔவையார் தொட்டது இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை. பழுதுபட்ட வேல் பழகிய வேல் அன்றோ? நெய் தடவிய வேல் அதற்கு எதிர்மறையான சான்றாகிவிடுகிறது. ஒரு நாட்டின் படைக்கலத்தைப் பகைவன் எப்படிப் படிக்கிறான் என்பது, அதைக் காட்டுபவன் கையில் இல்லை.

இதில் மூன்று கூறுகளைக் காண்கிறோம். ஆற்றல் இருத்தல் வேண்டும். அதைப் பயன்படுத்தும் துணிவு இருப்பதாகப் பகைவன் நம்புதல் வேண்டும். அவ்விரண்டும் அவனுக்குத் தெரிவிக்கப்படுதல் வேண்டும். மேலைநாட்டு நூல்கள் பலவும் இம்மூன்றோடு நின்றுவிடுகின்றன. நான்காவதாக ஒன்று உண்டு. அதுவே பலராலும் மறக்கப்படுவது. நீ தாக்காதிருந்தால் நானும் உன்னைத் தாக்கேன் என்ற உறுதி அது. எப்படியிருந்தாலும் அடி விழும் என்று நம்புகிறவன், முந்திக்கொண்டு தான் அடிப்பதையே நலமெனக் கருதுவான். இந்த உறுதியை வேல் கூறாது. அதனால்தான் அதியமான் படையை அனுப்புவதற்கு முன் ஒரு புலவரை அனுப்பினான். அரசன் ஒருவன் தன் நாட்டின் நலத்தை ஒரு பெண்பாற்புலவரின் நாவில் நம்பி வைத்தான் என்பதை நாம் பெருமையோடு கூறலாம்.

ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை. அதே அதியமானின் தகடூர், இன்றைய தருமபுரி, சேரன் பெருஞ்சேரல் இரும்பொறையால் அழிக்கப்பட்டது. 'தகடூர் எறிந்த' என்ற அடைமொழியோடு அச்சேரனைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து குறிக்கிறது, பாடியவர் அரிசில்கிழார். அப்போரைப் பற்றிய 'தகடூர் யாத்திரை' என்னும் நூல் முழுமையாகக் கிடைக்காமல், சில பாடல்களே பிற தொகுப்புகளின் வழியே எஞ்சியுள்ளன. பல போர்களில் முனை மழுங்கிய அதியமானின் வேல்களைப் பற்றிச் சேரன் அறியாதவன் அல்லன். அறிந்தும் வந்தான். ஒருவனைத் தடுக்கும் அச்சம் இன்னொருவனைத் தடுக்காமற் போகலாம் என்பதற்கு நம் இலக்கியமே சான்று கூறுகிறது.

எம்டன் வந்த இரவு

அச்சம் வேலை செய்யாத இன்னொரு வகையும் உண்டு. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, செருமானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எதிரே வந்து நின்று நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. கரையிலிருந்த பீரங்கிகள் விழித்துக்கொண்டு பதில் கொடுப்பதற்குள் கப்பல் இருளில் மறைந்துவிட்டது. உயிரிழந்தோர் சிலரே. ஆயினும் அச்சத்தால் நகரத்தை விட்டு ஓடியோர் மிகப் பலர். உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் அந்நிகழ்ச்சியைக் குறிக்கும் கல்லை இன்றும் காணலாம். 'அவன் பெரிய எம்டன்' என்று நாம் பேச்சில் சொல்வதும் அந்த இரவு நமக்கு விட்டுச்சென்ற மிச்சமே.

அன்று உலகிலேயே பெரிய கடற்படை ஆங்கிலேயரிடம் இருந்தது. ஒறுக்கும் ஆற்றலுக்குக் குறைவில்லை. ஒறுப்பர் என்பதிலும் ஐயமில்லை. எம்டனின் தலைவர் கார்ல் ஃபன் முல்லருக்கும் அது நன்கு தெரியும். இந்தியப் பெருங்கடலில் தனித்து விடப்பட்ட தம் கப்பல் என்றேனும் ஒரு நாள் அழியும் என்பதை எதிர்நோக்கியே அவர் இருந்தார். அதன்படியே 1914 நவம்பர் 9இல் கோக்கோசுத் தீவுகளின் அருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி அதை அழித்தது. அழிவை முன்பே கணக்கில் எழுதிக்கொண்டு வருபவனிடம் ஒறுத்தலின் அச்சம் பலிக்காது. அவனுக்கு எதிராகப் பயன்படுவது மதில் மட்டுமே. அதுவோ அன்று சென்னையில் இல்லை. 2008 நவம்பர் 26 அன்று கடல்வழியே மும்பைக்கு வந்த பத்துப் பேரையும் இவ்வகையிலேயே சேர்க்க வேண்டும். இறக்கத் துணிந்து வந்தவர்கள் அவர்கள். அணுகுண்டு வைத்திருக்கும் நாடு என்பது அவர்களைத் தடுக்கவில்லை.

அணுவின் காலம்

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாகி ஆகிய இரு நகரங்களின் மீது குண்டுகள் வீழ்ந்தபின் மறுத்துத் தடுத்தலுக்கு இருந்த இடம் சுருங்கிப் போயிற்று. ஒரே ஒரு குண்டு தப்பி வந்தாலும் ஒரு நகரம் அழியும் என்றால், எந்த மதிலும் போதாது. எனவே ஒறுத்தல் ஒன்றையே நம்ப வேண்டிய நிலைக்கு அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் வந்தன. அந்நம்பிக்கை அவற்றை எங்கே இட்டுச் சென்றது என்பது விந்தையானது. 1972இல் அவ்விரு நாடுகளும் செய்துகொண்ட உடன்படிக்கை ஒன்று, வரும் ஏவுகணைகளைத் தடுத்து வீழ்த்தும் கருவிகளை இருவரும் மிகக் குறைவாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. கேடயத்தைக் குறைத்துக்கொள்ள உடன்படிக்கையா என்று நமக்குத் தோன்றும். ஒருவன் கையில் வலிய கேடயம் வந்துவிட்டால், அவன் அச்சமின்றி வாளை வீசுவான் என்று மற்றவன் கலங்குவான், கலங்கி முந்திக்கொள்வான். ஆதலின் இருவரும் மார்பைத் திறந்து நிற்பதே இருவருக்கும் காப்பு என்பது அவர்களின் கணக்கு. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2002இல், அமெரிக்கா அவ்வுடன்படிக்கையிலிருந்து விலகிவிட்டது.

இக்கணக்கு நிற்க வேண்டுமானால், முதல் அடியை வாங்கிய பின்னும் திருப்பி அடிக்கும் ஆற்றல் எஞ்சியிருத்தல் வேண்டும். தரையிலுள்ள ஏவுதளங்களையும் வானூர்தி நிலையங்களையும் பகைவன் கண்டு அழித்துவிடலாம். ஆழ்கடலில் உலவும் நீர்மூழ்கிக் கப்பலைக் காண்பது அரிது. எனவே அணு ஆயுத நாடுகள் கடலுக்குள் இறங்கின. இவ்விடத்தில்தான் நம் தமிழ்நாடு கதைக்குள் வருகிறது. இந்தியாவின் அணுவிசை நீர்மூழ்கிக்கு வேண்டிய உலையின் மாதிரி கல்பாக்கத்தில் கரைமேல் கட்டி இயக்கிப் பார்க்கப்பட்டது. அக்கப்பலாகிய அரிஹந்த் 2009 ஜூலை 26இல் விசாகப்பட்டினத்தில் நீரில் இறக்கப்பட்டது. அதன் முதல் தடுப்புச் சுற்றுக்காவல் முடிவுற்றதைப் பிரதமர் 2018 நவம்பரில் அறிவித்தார். இரண்டாவது கப்பலாகிய அரிகாத் 2024 ஆகஸ்டில் கடற்படையில் சேர்ந்தது.

ஆழத்தில் மறைந்திருக்கும் கப்பலுக்கு ஆணை எவ்வாறு சென்று சேரும்? வானொலி அலைகளைக் கடல்நீர் விழுங்கிவிடும். மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட நெடிய அலைகள் மட்டுமே நீருக்குள் சிறிது ஆழம் வரை இறங்கும். அத்தகைய அலைகளை எழுப்ப வானளாவிய கம்பங்கள் வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில் 1990 அக்டோபரில் தொடங்கப்பட்ட கடற்படை நிலையம் அத்தகையது. அதற்குக் கட்டபொம்மன் என்று பெயர். பாஞ்சாலங்குறிச்சியில் மண்கோட்டையை நம்பி நின்ற வீரரின் பெயர், கடலடியில் ஒளிந்திருக்கும் கப்பலோடு பேசும் நிலையத்துக்குச் சூட்டப்பட்டிருப்பதை என்னென்பது! அந்நெடிய கம்பங்களும் நம் ஔவையார் செய்த வேலையைத்தான் செய்கின்றன. செய்தி போய்ச் சேராவிட்டால் எந்த வேலும் பயனற்றது; தவறாகப் போய்ச் சேர்ந்தாலோ கேடு விளைக்கும்.

2003 ஜனவரி 4இல் இந்திய அரசு தன் அணு ஆயுதக் கொள்கையை அறிவித்தது. முதலில் பயன்படுத்துவதில்லை, தன்மீதோ தன் படைகள்மீதோ அணு ஆயுதம் வீசப்பட்டால் பகைவன் தாங்க முடியாத அளவில் திருப்பி அடிப்பது, தேவைக்கு மிகாத குறைந்த அளவே வைத்திருப்பது, ஆணையிடும் உரிமை மக்கள் தேர்ந்தெடுத்த தலைமைக்கே உரியது என்பன அதன் முதன்மையான கூறுகள். முதலில் பயன்படுத்தோம் என்ற சொல்லே நாம் முன்பு கூறிய நான்காவது கூறு. அதைச் சிலர் கோழைத்தனம் என்பர். அவர்கள் தடுப்பாற்றலின் பாதியை மட்டும் படித்தவர்கள் எனலாம். வள்ளுவர் 'வெருவந்த செய்யாமை' என்று ஓர் அதிகாரம் அமைத்திருக்கிறார். தன் குடிகள் அஞ்சும்படியானவற்றைச் செய்யும் அரசனை அது கடிந்துரைக்கிறது. அச்சம் யார்மீது, எப்போது, எவ்வளவு என்ற எல்லைகளை வகுக்காத ஆற்றல் தன்னையே கெடுக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நிகழாத போருக்குச் சான்று

மின்கம்பத்தின் உச்சியில் அமர்ந்திருக்கும் பீங்கான் இன்சுலேட்டர் எந்த வேலையும் செய்வதாகத் தோன்றாது. மின்சாரம் கம்பத்தில் இறங்காமல் இருப்பதே அதன் வேலை. அதன் வெற்றி கண்ணுக்குத் தெரியாது. வெடிப்பு விழுந்தால்தான் தெரியும். தடுப்பாற்றலும் அத்தகையதே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இன்சுலேட்டரைச் சோதனைக்கூடத்தில் வைத்து, எத்தனை வோல்ட்டு வரை தாங்கும் என அளந்து பார்க்கலாம். நிகழாத போரை அவ்வாறு அளக்க வழியில்லை. பகைவன் அஞ்சி அடங்கினானா, அன்றித் தாக்கும் எண்ணமே அவனுக்கு இல்லையா என்பதை யாரும் அறுதியிட்டுக் கூறுதல் இயலாது. இந்த ஐயத்தை மறைத்துவிட்டு, எங்கள் குண்டால்தான் அமைதி நிலவுகிறது என்று எந்த நாட்டார் கூறினாலும் நாம் சற்று நிதானித்தே கேட்க வேண்டும்.

1999ஐ எண்ணிப் பார்ப்போம். இரு நாடுகளும் அணுகுண்டுச் சோதனை நிகழ்த்தி ஓராண்டு நிறைவதற்குள், பிப்ரவரியில் லாகூர் அறிவிக்கை கையெழுத்தானபின், கார்கில் மலைமுகடுகளில் போர் மூண்டது. நம் பக்கத்தில் 500க்கும் மேற்பட்ட வீரர்கள் உயிர்நீத்தனர். அணு ஆயுதம் பெரும்போரைத் தடுத்தது, அதனால்தான் சண்டை அம்மலைகளோடு நின்றது என்பர் சிலர். பெரும்போர் வாராது என்ற நம்பிக்கையே சிறுபோருக்குத் துணிவைத் தந்தது என்பர் வேறு சிலர். இரண்டும் ஒரே வேளையில் உண்மையாக இருக்கலாம் என்பதே நம் எண்ணம். மேல்மாடிக்குப் பூட்டுப் போட்டவுடன் கீழ்த்தளத்தில் சச்சரவு மிகுவதைப் போன்றது இது. 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் பல மாதங்கள் இரு படைகளும் எல்லையில் எதிரெதிரே நின்றன. 2025 ஏப்ரல் 22இல் பகல்காமில் 26 பேர் கொல்லப்பட்டனர். மே 7 முதல் நான்கு நாள்கள் இரு நாடுகளுக்கிடையே ஏவுகணைகளும் ஆளில்லா வானூர்திகளும் பறந்தன. அணு ஆயுதங்கள் இருந்தும் இவை நிகழ்ந்தன.

பகைவனின் துணிவை விட அஞ்சத்தக்கது பிழை. 1983 செப்டம்பர் 26 நள்ளிரவில், அமெரிக்க ஏவுகணைகள் புறப்பட்டுவிட்டன என்று சோவியத்துச் செயற்கைக்கோள்கள் எச்சரித்தன. காவலிருந்த அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் அதைக் கருவியின் கோளாறு என்று தம் அறிவால் முடிவு செய்தார். மேகங்களின் மீது பட்ட கதிரொளியைக் கருவி தவறாகப் படித்திருந்தது என்பது பின்னர்த் தெரிந்தது. இது எங்கோ நடந்தது என்று எண்ண வேண்டா. 2022 மார்ச் 9இல், பராமரிப்பு வேலையின்போது இந்திய ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பாய்ந்து, எல்லை கடந்து பாகிஸ்தானின் மியான் சன்னு என்ற ஊரருகே வீழ்ந்தது. அதில் வெடிபொருள் இல்லை, உயிரிழப்பும் இல்லை. தவறு நேர்ந்தது என்ற நம் அரசின் அறிக்கை மார்ச் 11இல் வெளிவந்தது. ஆகஸ்டில் வான்படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். வீழ்ந்ததற்கும் அறிக்கைக்கும் இடைப்பட்ட அந்த இரண்டு நாள்களை நாம் ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும். பாகிஸ்தானின் அதிகாரி எவரேனும் அந்த ஏவுகணையை வேறுவிதமாகப் படித்திருந்தால்? பெத்ரோவைப் போன்று நிதானமுள்ளவர் எல்லா இரவுகளிலும் காவலிருப்பர் என்பதற்கு உறுதி ஏது?

1962 அக்டோபரில் கியூபா நெருக்கடியின்போது அமெரிக்க, சோவியத்துத் தலைவர்களின் கடிதங்கள் ஒருவரையொருவர் அடையப் பல மணிநேரம் ஆயிற்று. உலகம் அழியும் தறுவாயில், மொழிபெயர்ப்புக்கும் தந்திக்கும் காத்திருந்தனர். அந்த அச்சத்தின் விளைவாகவே அடுத்த ஆண்டு வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே நேரடித் தொடர்பு அமைக்கப்பட்டது. ஏவுகணைகளைப் பல்லாயிரக்கணக்கில் பெருக்கியவர்கள், தூதுக்கு ஒரு கம்பி இழுக்க அத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டனர்!

நம் துணைக்கண்டத்தில் இவ்வகையில் நடந்த ஒரு நற்செயலைப் பலர் அறியார். 1988 டிசம்பர் 31இல் இந்தியாவும் பாகிஸ்தானும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஒருவர் மற்றவரின் அணுசக்தி நிலையங்களைத் தாக்குவதில்லை என்பது அதன் சாரம். 1991 ஜனவரி 27 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் நாளன்று, தத்தம் அணுசக்தி நிலையங்களின் பட்டியலை இரு நாடுகளும் தில்லியிலும் இஸ்லாமாபாத்திலும் ஒரே நேரத்தில் பரிமாறிக்கொள்கின்றன. 1992இல் தொடங்கிய இவ்வழக்கம், கார்கில் போர் நடந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலும் நின்றுவிடவில்லை. படைகள் எல்லையில் குவிந்திருந்த 2002 ஜனவரியிலும் நின்றுவிடவில்லை. எதைத் தாக்கக்கூடாது என்று பகைவனுக்கே எழுதிக் கொடுக்கும் இச்செயல், தொண்டைமானின் கொட்டிலைக் காட்டிலும் மேலான காவல் என்று நாம் கருதுகிறோம்.

1971ஆம் ஆண்டுப் போருக்குப் பின் இரு நாட்டுப் படை நடவடிக்கைத் தலைமை இயக்குநர்களுக்கு இடையே ஒரு நேரடித் தொலைபேசித் தொடர்பும் அமைக்கப்பட்டது. 2025 மே 10 அன்று பிற்பகல் 3 மணி 35 நிமிடத்துக்கு, பாகிஸ்தானின் இயக்குநர் இந்தியாவின் இயக்குநரை அழைத்தார். அன்று மாலை 5 மணி முதல் நிலத்திலும் வானிலும் கடலிலும் தாக்குதலை நிறுத்துவது என இருவரும் உடன்பட்டனர். மே 12 மாலையில் அவ்விருவரும் மீண்டும் தொலைபேசியில் பேசினர்.